சுவருக்குள் போகும் வயர்

வயர் இழுக்கிற வேலையில் பயப்படுவதற்கு என்ன இருக்கிறது என்று உங்களில் ஒருத்தி என்னைக் கேட்டாள். ஓய்வுபெற்ற பிறகும் நான் அவ்வப்போது நம் தி. நகர் கடைக்கு வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவது உங்களுக்குத் தெரியும். அன்று கவுன்டரில் கூட்டம். "ஏணி சறுக்கும், ஷாக் அடிக்கும்" என்று ஏதோ சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். உண்மையான பதில் அது இல்லை. எழுதினால்தான் ஒழுங்காகச் சொல்ல முடியும் என்று தோன்றியது.

நாம் போவது வீடுகளுக்கு. படுக்கையறை வரைக்கும் போகிறோம். கட்டிலை நகர்த்துகிறோம், பீரோவுக்குப் பின்னால் கையை விடுகிறோம். கொஞ்ச நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் நம்மை மறந்துபோகிறார்கள். நாம் தரையில் குனிந்து உட்கார்ந்திருக்கும்போதே சண்டை போடுவார்கள், அழுவார்கள், கண்ணாடி முன்னால் நின்று தனக்குத் தானே பேசிக்கொள்வார்கள். நான் சேர்ந்த புதிதில் என்னோடு வந்த மூத்த டெக்னீஷியன் ஒருவர், அவர் பெயர் வேண்டாம், ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று உரக்க இருமுவார். ஏதோ நெஞ்சுக்கோளாறு என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டே விட்டேன். "நான் இருக்கேன்னு அவங்களுக்குத் தெரியணும்ல" என்றார்.

இனி அந்த அடையாறு வீடு.

நஸ்ரீன் என்ற பெண் கடைக்கு ஃபோன் செய்து, லேடி டெக்னீஷியன்தான் வேண்டும் என்று கேட்டிருந்தாள். அப்போது கடையில் இருந்த ஒரே பெண் நான்தான். புற்றுநோய் மருத்துவமனைக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு தெரு. கீழ்ப் போர்ஷனில் நஸ்ரீனும் அவள் அம்மாவும் குடியிருந்தார்கள். மேலே வீட்டுக்காரர். அம்மா பெயர் மெஹருன்னிசா, கிட்டத்தட்ட என் வயது. சிகிச்சைக்காக ஆம்பூரிலிருந்து வந்து தங்கியிருந்தார்கள். நஸ்ரீனுக்கு ஒரு கேம் கம்பெனியில் வேலை. புதிய கேம்களை விளையாடிப் பார்த்து எங்கே தவறு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். வீட்டிலிருந்தே செய்துவந்தாள்.

கதவைத் திறந்தவள் என்னை உள்ளே விட்டு உடனே தாழ் போட்டாள். ஜன்னல் திரைகள் எல்லாம் மூடியிருந்தன. ஹாலில் ஒரு கட்டில். அதில் மெஹருன்னிசா உட்கார்ந்திருந்தார். தலையில் ஒரு முடி இல்லை. என்னைப் பார்த்ததும் கை தலையணைப் பக்கம் துணியைத் தேடியது. பிறகு, பெண்தானே என்று விட்டுவிட்டது.

"உக்காருமா. வெயில்ல வந்திருக்கே" என்றார். "பெரிசா ஒண்ணும் இல்லை. எனக்கு மீன் பிடிக்கணும்."

நான் விழித்தேன். நஸ்ரீன் சிரித்தாள். டிவியில் ஓடுகிற ஒரு மீன்பிடிக் கேம். ஏரி, படகு, தூண்டில். ஊசி போட்டு வந்த பிறகான நாட்களில் அம்மாவுக்குப் படிக்கவும் முடியாது, பேசவும் பிடிக்காது. இந்த ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் குமட்டல் குறைகிறது என்பார். கேம் ஓடுவது படுக்கையறையில் உள்ள நஸ்ரீனின் கம்ப்யூட்டரில். அங்கிருந்து வரும் படத்தை ஹால் டிவியில் காட்ட ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருந்தது. வைஃபையில் படம் விட்டுவிட்டு வந்தது.

"பெரிய மீனா மாட்டும். இழுக்கிற நேரம் பார்த்து அப்படியே நின்னுடும். திரும்ப வர்றப்போ மீனும் இருக்காது, நூலும் இருக்காது" என்றார் மெஹருன்னிசா, நிஜமான ஆற்றாமையோடு.

இதற்கு வழி சுலபம். மோடம் எதுவும் நடுவில் இல்லாமல், கம்ப்யூட்டரிலிருந்து பெட்டிக்கு நேராக ஒரு கேபிள். இரண்டு முனை, இரண்டு மிஷின். மூன்றாவது ஆளுக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் கேபிளைத் தரையில் போட்டால் அந்த அம்மாவின் காலில் மாட்டும். சுவரைத் துளைத்தால் தூசி. சுற்றிப் பார்த்தேன். ஹாலில் டிவிக்குக் கீழே, சுவரில் கேபிள் சொருகுகிற ஒரு நெட்வொர்க் பாயிண்ட் இருந்தது. படுக்கையறையிலும் மேஜைக்கு அருகே ஒன்று. கட்டும்போதே சுவருக்குள் கேபிள் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"அதைத் தொட வேண்டாம்னு வீட்டுக்காரர் சொல்லியிருக்காரு ஆன்டி. ரெண்டுமே டெட் லைனாம்" என்றாள் நஸ்ரீன்.

"உயிர் இருக்கா இல்லையான்னு நான் பார்த்துச் சொல்றேன்."

அவளுக்கு ஆபீஸ் மீட்டிங் இருந்தது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு படுக்கையறைக்குப் போனாள். நான் அந்தக் கறுப்புப் பெட்டியை எடுத்து, அதற்கும் ஹால் பாயிண்டுக்கும் கேபிளைச் சொருகினேன். பெட்டியின் பின்னால் ஒரு பச்சை விளக்கு உண்டு. மறுமுனையில் உயிருள்ள மிஷின் ஒன்று இருந்தால் மட்டுமே அது எரியும்.

எரிந்தது. எரிந்ததோடு சிமிட்டவும் செய்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ வந்துகொண்டிருந்தது.

படுக்கையறைக்குப் போய் எட்டிப் பார்த்தேன். நஸ்ரீன் எதையும் சொருகவில்லை. நான் மேஜை மேல் வைத்த கேபிள் அவிழ்க்கப்படாமல் சுருளாகவே கிடந்தது. சுவர்ப் பாயிண்ட் காலியாக இருந்தது. திரும்பி வந்து ஹால் கேபிளைக் கழற்றினேன். விளக்கு அணைந்தது. சொருகினேன். மறுபடியும் அந்தச் சிமிட்டல்.

டிவியில் பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தேன். நேரடி இணைப்பில் பெட்டிக்கு முகவரி எண் கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள். நாம்தான் கையால் போட வேண்டும். நான் போடுவதற்கு முன்பே அதற்கு ஒரு முகவரி கிடைத்திருந்தது. நஸ்ரீன் வீட்டு மோடம் கொடுக்கிற எண் வரிசையே இல்லை அது. அடுத்த பக்கத்துக்குப் போனேன். 'கண்டறிந்த கம்ப்யூட்டர்கள்' என்ற தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு பெயர். ஹரி-பிசி.

"ஹரின்னு யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"மேல் வீட்டுப் பிள்ளை பேரு ஹரி. வெளிநாட்டில இருக்கு" என்றார் மெஹருன்னிசா. மாத்திரை போட்டிருந்ததால் கண் சொருகியது. அப்படியே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்கு நிம்மதியாகிவிட்டது. கீழும் மேலும் ஒரே வயரிங். அந்தப் பையன் விட்டுப்போன கேம் கம்ப்யூட்டர் மாடியில் ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்போமே என்று அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தேன். டிவித் திரையில் பெரிதாக நாலு இலக்கங்கள் வந்தன. இந்த எண்ணை அந்தக் கம்ப்யூட்டரில் தட்டினால்தான் இணைப்புக் கிடைக்கும் என்றது. யார் தட்டப்போகிறார்கள்? கொஞ்ச நேரத்தில் தானாகவே ரத்தாகிவிடும். நான் பையிலிருந்து டெஸ்டரை எடுக்கக் குனிந்தேன்.

நிமிர்ந்தபோது 'இணைந்தது' என்று வந்திருந்தது.

அந்த எண் அந்த டிவியில் மட்டும்தான் இருந்தது. திரைகள் மூடியிருந்தன, கதவு தாழிட்டிருந்தது. ஹாலில் நானும் தூங்குகிற ஒரு நோயாளியும்தான். மேலே யாருக்கும் யாரும் எதையும் சொல்லவில்லை. இருந்தும் மேலே உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் அந்த எண்ணைப் பார்த்துத் தட்டியிருக்கிறார்.

அதை நான் யோசித்து முடிப்பதற்குள் டிவியில் படம் மாறியது. கட்டம் கட்டமாகச் சின்னப் படங்கள். ஒன்றில் ஒரு ஹால். கட்டிலில் ஒரு மொட்டைத் தலை. அதைத் தாண்டி, துப்பட்டாவை முதுகில் முடிச்சுப் போட்டுக்கொண்டு ஒரு பெண் டிவி முன்னால் நிற்கிறாள். அவள் பார்க்கிற டிவியிலும் கட்டங்கள். அதற்குள்ளும் முதுகு காட்டி நிற்கிற ஒருத்தி. அதற்குள்ளும்.

நான் கையைத் தூக்கினேன். அவள் ஒரு கணம் தாமதித்துத் தூக்கினாள். நான் இறக்கிவிட்டேன். அவள் கை இன்னும் மேலே இருந்தது, பிறகுதான் இறங்கியது.

பட்டப்பகல். வெளியே காய்கறி வண்டிக்காரரின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. என் பிடரியில் யாரோ ஈரக்கையை வைத்த மாதிரி இருந்தது. பின்பக்கச் சுவரில், ஏசிக்குக் கீழே ஒரு ஸ்டெபிலைசர் பெட்டி இருப்பதை உள்ளே வரும்போதே பார்த்திருந்தேன். படம் எடுக்கப்பட்ட உயரமும் கோணமும் அதுதான். திரும்பிப் பார்க்கத் துடித்த கழுத்தை நான் திருப்பவில்லை. இன்றைக்கும் நான் செய்தவற்றில் சரியானது என்று முதலில் சொல்வது அதைத்தான். நான் கண்டுபிடித்துவிட்டேன் என்பது, பார்க்கிறவருக்குத் தெரியக் கூடாது.

மற்றக் கட்டங்களைப் பார்த்தேன். ஒன்றில் படுக்கையறை; ஹெட்ஃபோனோடு நஸ்ரீன் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். இன்னொன்று, குளியலறைக்கு வெளியே அவர்கள் உடை மாற்றுகிற இடம். அதற்கு மேல் நான் விவரிக்கப்போவதில்லை.

அப்போது திரையில் இருந்த மவுஸ் அம்பு நகர்ந்தது. என் கையில் எதுவும் இல்லை. அம்பு மெதுவாக ஹால் கட்டத்துக்கு வந்து என் தலைக்கு மேலே நின்றது. பிறகு படுக்கையறைக் கட்டத்துக்குப் போய் நின்றது. பிறகு மூன்றாவதற்கு. மறுபடியும் என்னிடம். அவசரமே இல்லை. என்னோடு விளையாடுகிறான் என்று நினைத்தேன்.

கேபிளைப் பிடுங்கி எறிய வேண்டும் என்றுதான் கை பரபரத்தது. பிடுங்கினால் என்ன மிஞ்சும்? ஒரு வயதான டெக்னீஷியன் எதையோ பார்த்ததாகச் சொல்கிறாள், அவ்வளவுதான். மேலே போய்ச் சேர்வதற்குள் எல்லாம் அழிக்கப்பட்டிருக்கும். ஃபோனை எடுத்தேன். முதுகுதானே தெரிகிறது. இப்போது எல்லோரும் ஸ்பீக்கரில் பேசுவதுபோல முகத்துக்கு எதிரே நீட்டிப் பிடித்து, வீடியோவை ஓடவிட்டு, இல்லாத ஆளோடு பேசினேன்.

"சார், கனெக்டர் ஸ்டாக் இருக்கா? இல்ல சார், இங்க இருக்கறது சரியா உக்காரல. சரி, நானே வந்து எடுத்துக்கறேன்."

என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. கட்டங்களும், நடக்கிற அம்பும், எல்லாம் பதிவாயின. பிறகு பெட்டியை அணைத்தேன்.

நஸ்ரீன் மீட்டிங் முடிந்து வந்தாள். அந்த வீட்டில் ஒரு வார்த்தை உண்மையைப் பேச முடியாது. ஒலியும் போகிறதோ என்னவோ. "சுவத்துல டிரில் போடணும்மா. ஆளுங்க வருவாங்க. தூசி பறக்கும், அம்மாவுக்கு ஆகாது. கொஞ்ச நேரம் வெளியில போய் உக்காரலாம், வாங்க" என்றேன்.

"டிரில் வேண்டாம்னுதானே ஆன்டி..."

"வேற வழியில்லை." அவள் தோளைப் பிடித்துக் கொஞ்சம் அழுத்தினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஏதோ புரிந்தது, என்னவென்று புரியவில்லை. ஆனால் கேள்வியை நிறுத்திக்கொண்டாள். அந்தப் பெண்ணின் புத்திசாலித்தனம் அது.

மெஹருன்னிசா எழுந்து உடை மாற்ற உள்ளே போகப் பார்த்தார். நான் குறுக்கே போய் நின்றேன். "நைட்டிக்கு மேலயே புர்காவைப் போட்டுக்குங்க. பக்கத்துலதான்."

கேட்டைத் திறக்கும்போது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. வீட்டுக்காரர். நெற்றியில் வியர்வை, கையில் கீரைக்கட்டு. நாலு பேர் பார்த்தால் எழுந்து வணக்கம் சொல்கிற மாதிரி ஆள். முஸ்லிம் என்றதும் பல வீடுகளில் கையை விரித்தபோது, மறுபேச்சில்லாமல் வீடு கொடுத்தவர் அவர் என்று நஸ்ரீன் முன்பே சொல்லியிருந்தாள்.

"என்னம்மா, வேலை முடிஞ்சுதா?" என்று என்னைக் கேட்டார்.

"ஒரு பார்ட் வாங்கணும் சார்."

"அந்தச் சுவர்ப் பாயிண்ட்ல எதையும் மாட்டலையே? டெட் லைன் அது. ஷார்ட் ஆனா மொத்த வீடும் போயிடும்."

"பார்த்தேன் சார். அதுல ஒண்ணும் வரலை."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போதுதான் உறைத்தது. இந்த ஆள் இவ்வளவு நேரம் வெளியில் இருந்திருக்கிறார். அப்படியானால் அந்த எண்ணைத் தட்டியது யார்? அம்பை நகர்த்தியது யார்?

தலையைத் தூக்கினேன். மாடி பால்கனியில் ஒரு பெண்மணி நின்றிருந்தார், அவருடைய மனைவி. காய்ந்த துணி ஒன்றைக் கையில் பிடித்தபடி என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் எதுவும் இல்லை. பிறகு உள்ளே போய்விட்டார். வீட்டுக்காரர் படியேறத் தொடங்கினார். இன்னும் சற்று நேரத்தில் அவர் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். அந்த அம்மாள் அங்கே அவரோடு தனியாக இருப்பார். எனக்கு அது தெரிந்தது. ஆனாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நோயாளி நிற்க முடியாமல் நின்றிருந்தார். நான் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

"எங்கக்கா போவணும்?"

"பெசன்ட் நகர் பீச்."

"இன்னாக்கா, இந்த வெயில்லயா? மணல்ல கால வெச்சா பொத்துக்கும்."

"சர்ச் பக்கம் நிழல்ல நிறுத்துப்பா, போதும்."

"அம்மாக்கு ஒடம்பு முடியல போல கீது. பள்ளத்துல எறக்காம மெதுவாவே போறேன்" என்றார் டிரைவர். சொன்னபடியே போனார்.

மாதா கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு ஜூஸ் கடை. கூட்டம் சேருகிற நேரம் ஆகவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் அவர்களை உட்காரவைத்து, சுற்றி வளைக்காமல் சொன்னேன். நஸ்ரீன் ஃபோனை வாங்கி வீடியோவைப் பார்த்தாள். முடிந்ததும் மறுபடி பார்த்தாள். அழவில்லை. உதடு மட்டும் வெளுத்துப்போனது. மெஹருன்னிசா ஃபோன் பக்கமே திரும்பவில்லை.

"என் தலை தெரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. "தெரிஞ்சுது" என்றேன்.

"கூடப் பிறந்த தம்பி ஊர்லேருந்து பார்க்க வந்தான். அவன் இருந்த நேரம் பூரா தலைத்துணியை எடுக்கலை நான்" என்றார். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நஸ்ரீன் எழுந்தாள். "நான் போய் அந்தாளைச் சட்டையைப் புடிச்சுக் கேக்கறேன். தெருவே வேடிக்கை பார்க்கட்டும்."

"கேளு. நீ கத்திக்கிட்டு இருக்கற நேரத்துல அவர் உள்ள போய் எல்லாத்தையும் அழிச்சுட்டு வந்து, 'என்னம்மா உளர்றே'ம்பார். தெருவும் அவரைத்தான் நம்பும்."

"அப்ப என்னதான் பண்றது?"

"ஸ்டேஷனுக்குப் போறோம். இப்பவே."

மகளிர் காவல் நிலையத்தில் இருந்த இன்ஸ்பெக்டர் அம்மா வீடியோவை முழுதாகப் பார்த்தார். எண் எப்படி வந்தது, யார் தட்டியிருக்க முடியும் என்று நான் விளக்கியதைக் குறுக்கிடாமல் கேட்டார். "இப்ப அந்த வீட்டுல யார் யார் இருக்காங்க?" என்றார். "அவரும் அவர் மனைவியும்" என்றேன். இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

நான் எதிர்பார்த்து நடுங்கியது, கம்ப்யூட்டரே அங்கே இருக்காது என்பதைத்தான். மாடி ஏறினோம். வீட்டுக்காரர் பால்கனியில் நாற்காலி போட்டு, செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். உள்ளே ஃபேன் ஓடவில்லை, விளக்கு இல்லை. ஹாலில் புழுக்கம்.

"நான் வந்ததிலேர்ந்து கரண்ட் இல்லைம்மா. என்ன விஷயம்?" என்றார் இன்ஸ்பெக்டரிடம், வெகு மரியாதையாக.

நஸ்ரீன் என்னைப் பார்த்தாள். மாடிக்கு ஏறும்போது கீழ் வீட்டு ஜன்னல் வழியாக ஏசி சத்தம் கேட்டிருந்தது. அவசரத்தில் அணைக்காமலே வந்திருந்தாள். கீழே மின்சாரம் இருந்தது. பக்கத்து வீட்டிலும் இருந்தது.

யாரும் எதுவும் கேட்பதற்கு முன், அந்த வீட்டம்மா சமையலறையிலிருந்து வந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேராக மெயின் போர்டுக்குப் போனார். மூடியைத் திறந்து சுவிட்சை மேலே தள்ளினார்.

ஃபேன் சுற்றத் தொடங்கியது. உள்ளறையில் ஒரு கம்ப்யூட்டர் உயிர்பெறுகிற சத்தம் கேட்டது. வீட்டுக்காரரின் கையிலிருந்த செய்தித்தாள் அப்படியே நின்றது. அவர் மனைவியைப் பார்த்த பார்வையை நான் விவரிக்க விரும்பவில்லை. அந்த அம்மாள் சுவரில் சாய்ந்து, அந்த அறையைக் கையால் காட்டினார். "எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு" என்றார்.

போலீசார் அறையில் இருந்தபோது நான் அவர் அருகே போய் நின்றேன். "நம்பரைப் போட்டது நீங்கதானா?"

தலையசைத்தார். "இவர் மத்தியானம் காய் வாங்கப் போவார். அப்ப நான் போய்ப் பார்ப்பேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பார்ப்பீங்களா?"

"அந்த அம்மா நல்லா இருக்காங்களான்னு. ஒருநாள் பொண்ணு இல்லாதப்போ கட்டில்லேர்ந்து எந்திரிச்சுக் கீழ விழுந்துட்டாங்க. நான் ஓடிப்போய் பெல்லை அடிச்சேன். அடிச்சதுக்கப்புறம்தான் தோணுச்சு, உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டா என்ன சொல்றதுன்னு. திரும்பி வந்துட்டேன். வந்து மறுபடியும் ஸ்கிரீன்ல பார்த்தேன். அவங்க தவழ்ந்து தவழ்ந்து கதவுக்கு வந்து, யாருன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

அவர் குரல் உடையவே இல்லை. அதனால்தான் எனக்குக் குளிரெடுத்தது.

"இன்னைக்கு, நம்பர் போடுன்னு ஒரு பெட்டி வந்துச்சு. கேமராவுல பார்த்தா உங்க டிவில நம்பர் இருந்துச்சு. போட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. ஏதாவது ஆகட்டும்னுதான் போட்டேன்."

"அந்த அம்பு?"

"நீங்க பார்க்கறீங்களா இல்லையான்னு தெரியலை. காட்டிக்கிட்டே இருந்தேன்."

எவ்வளவு காலமாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா என்று இப்போதும் தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் கேட்டிருப்பார். வழக்கு இன்னும் நடக்கிறது. அந்த அம்மாள் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டு, தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். கீழே, ஸ்டெபிலைசர் பெட்டிகளைத் திறந்தபோது உள்ளே கேமராதான் இருந்தது, ஸ்டெபிலைசரே இல்லை. சுவர்ப் பாயிண்ட் இரண்டிலிருந்தும் கேபிள் நேரே மாடிக்குத்தான் போயிருந்தது. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே, நான் இருப்பதாக நினைத்த அந்த நேரடி வயர் எப்போதுமே இருந்ததில்லை.

மெஹருன்னிசாவிடம் மணி அடித்த கதையை நஸ்ரீன்தான் சொல்லியிருக்கிறாள். அவர், "யாரோ அடிச்சாங்க, யாருமே இல்லைன்னு நான் சொன்னப்ப, மருந்து மயக்கம்னு சொன்னியேடி" என்றாராம்.

பிள்ளைகளே, சுவருக்குள் போகிற வயர் எங்கே வெளியே வருகிறது என்று கண்ணால் பார்க்காதவரை அதை நேரடி வயர் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். எரியக் கூடாத விளக்கு எரிந்தால், அதிர்ஷ்டம் என்று மேலே வேலையைத் தொடராதீர்கள். நான் அன்று ஹரி என்ற பெயரைக் கேட்டதும் நிம்மதி அடைந்தேனே, அந்த மாதிரி நிம்மதிதான் நம் தொழிலில் ஆபத்து. வாடிக்கையாளர் வீட்டில் அப்படி ஒன்றைக் கண்டால், கத்தாதீர்கள், தொடாதீர்கள், நிமிர்ந்து பார்க்காதீர்கள். முதலில் ஆட்களை வெளியே கொண்டுவாருங்கள். ஆனால் மாடியில் இன்னொருவர் இருந்தால் என்ன செய்வது? அதற்கு என்னிடம் விதி இல்லை. நான் ஆட்டோவைக் கூப்பிட்டேன். அந்த அம்மாள் மெயின் சுவிட்சை அணைத்ததால் அது சரியாகப் போயிற்று. அவர் அணைத்திருக்காவிட்டால் இதை நான் வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

கொஞ்ச நாள் கழித்து நஸ்ரீன் மறுபடி கூப்பிட்டாள். பாலவாக்கத்தில் உறவினர் வீட்டு மாடிக்குக் குடிபோயிருந்தார்கள். இந்தத் தடவை சுவரில் இருந்த எந்தப் பாயிண்டையும் நான் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. வெள்ளைக் கேபிள் ஒன்றைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து, கதவு நிலை வழியாக, தரையோரமாக, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்டிக்கொண்டே டிவி வரைக்கும் கொண்டுவந்தேன். பெட்டியில் சொருகப் போனேன்.

"இரு" என்றார் மெஹருன்னிசா.

படுக்கையறைக்குப் போனார். கம்ப்யூட்டரின் பின்னால் குனிந்து கேபிளின் முனையைத் தொட்டார். அங்கிருந்து, சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகை விரலால் கேபிளைத் தடவியபடி நடந்து வந்தார். நிலைப்படியில் கேபிள் வளைகிற இடத்தில் நின்று, வளைவுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தார். மூச்சு வாங்கியது. நஸ்ரீன் தாங்கப் போனாள். வேண்டாம் என்று தலையாட்டினார். ஹாலின் ஓரம் முழுக்கக் குனிந்தபடியே வந்தார். கடைசியில் என் கையிலிருந்த முனையை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேற எங்கயும் போகலை" என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்கா என்று தெரியவில்லை. முனையை அவரே பெட்டியில் சொருகினார்.